விருப்பப் படிவத்தில் கையெழுத்திட்டால் மீதிப் பணம் போய்விடுமா?

மும்பைப் புறநகர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 52. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவர் நெடுங்காலமாக மும்பையில் சிறிய மெஸ் நடத்துகிறார். குடும்பத்தின் சேமிப்பெல்லாம் வீட்டுக்கு அருகிலிருக்கும் நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றில் இருக்கிறது. அந்த வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்து, பணம் எடுப்பதை நிறுத்திவைத்துவிட்டது. அவர் எழுதும்போது ஆணை வந்து 24 நாட்கள் ஆகியிருந்தன.

வங்கியில் அவர்களுக்கு இருக்கும் கணக்குகளை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஆணை வந்த நாள்வரை வட்டியைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. வாசகியின் தனிப்பெயரில் ஒரு கிளையில் சேமிப்புக் கணக்கும் இன்னொரு கிளையில் நிரந்தர வைப்பும் சேர்ந்து 5,23,000 ரூபாய். கணவர் பெயர் முதலிலும் தம் பெயர் இரண்டாவதாகவும் உள்ள கூட்டு வைப்பில் 6,40,000. தம் பெயர் முதலில் உள்ள இன்னொரு கூட்டு வைப்பில் 2,75,000. மகள் பெயரில் 1,60,000. கணவரின் சேமிப்புக் கணக்கிலும் மெஸ் பெயரிலுள்ள நடப்புக் கணக்கிலும் சேர்த்து 1,20,000. ஆக மொத்தம் 17,18,000 ரூபாய். இதே வங்கியில் வாசகியின் பெயரில் வட்டியோடு 1,80,000 ரூபாய் நகைக்கடனும் நிற்கிறது. வங்கியின் பங்குப் பத்திரம் 10,000 ரூபாய்க்கு இருக்கிறது.

"குடும்பத்துக்கு ஐந்து லட்சம்தான் வரும் என்கிறார்கள். மீதிப் பன்னிரண்டு லட்சம் போனது போனதுதானா? வங்கியில் ஒரு விருப்பப் படிவம் கொடுத்தார்கள். கையெழுத்திட்டால் மீதிப் பணத்தில் உரிமை போய்விடும், ஆறு மாதம் பொறுத்தால் வங்கி திறந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். படிவம் பூர்த்திசெய்து தர வங்கி வாசலில் ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தூக்கம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார். கூடவே வேறு சில கேள்விகளும் உண்டு.

அன்புச் சகோதரி,

படிவத்தில் கையெழுத்திடுங்கள். வங்கியின் அறிவிப்புப் பலகையில் குறித்திருக்கும் கடைசித் தேதிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் அதனதன் உரிமையாளர் கையெழுத்துடன் கொடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் தாமதம் வேண்டாம். நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகவும் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறேன்.

ஐந்து லட்சம் யாருக்கு, எதற்கு?

டிஐசிஜிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வைப்புத்தொகை காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம், ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான நிறுவனம். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டு மக்கள் தெருவில் நின்ற பிறகுதான் இப்படி ஒரு காப்பீடு தேவை என்று அரசு உணர்ந்தது. 1962 ஜனவரி 1 அன்று அது தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் அது ஒரு லட்சமாகி, அப்படியே 27 ஆண்டுகள் நகராமல் கிடந்தது. பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி 2019-இல் முடங்கி, உங்கள் ஊரிலேயே முதியவர்கள் வங்கி வாசலில் அழுததை நாடு பார்த்த பிறகு, 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம் ஆனது. இந்தக் காப்பீட்டுக்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. வாடிக்கையாளரிடம் அதை வசூலிக்கக் கூடாது. நீங்கள் தனியாகப் பாலிசி எடுத்திருக்க வேண்டியதும் இல்லை.

இந்த ஐந்து லட்சம் குடும்பத்துக்கு என்று வகுத்த வரம்பு அல்ல. ஒரே வங்கியில், ஒருவர் ஒரே தகுதியிலும் ஒரே உரிமையிலும் வைத்திருக்கும் தொகைக்கு, அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம். அந்த "தகுதி, உரிமை" என்ற இரண்டு சொற்களில்தான் உங்கள் பன்னிரண்டு லட்சத்தின் விடை இருக்கிறது.

உங்கள் தனிப்பெயரிலுள்ள கணக்குகள் இரண்டு கிளைகளில் இருந்தாலும் ஒன்றாகவே கூட்டப்படும். கிளைக்கு ஐந்து லட்சம் என்று நீங்கள் நினைத்திருப்பது சரியல்ல. ஆனால் கூட்டுக் கணக்கு, தனிக் கணக்கிலிருந்து வேறான தகுதி. அதோடு, கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசை மாறினாலே அது தனித் தகுதியாகக் கருதப்படும். கணவர் பெயர் முதலில் உள்ள வைப்புக்கு ஒரு வரம்பு, உங்கள் பெயர் முதலில் உள்ள வைப்புக்கு இன்னொரு வரம்பு. என்ன யோசித்து அப்படி வரிசை மாற்றிப் போட்டீர்களோ தெரியாது, இன்று அதுவே உங்களுக்குக் கைகொடுக்கிறது. மகளின் பணம் மகளுடையது, அதற்குத் தனி வரம்பு. கணவரின் சேமிப்புக் கணக்கும் மெஸ் கணக்கும் அவர் ஒருவரே உரிமையாளர் என்பதால் ஒன்றாகச் சேரும். சேர்ந்தும் 1,20,000தான் என்பதால் முழுவதும் வரம்புக்குள் அடங்கிவிடும்.

நகைக்கடன் உங்களுக்கு எதிரியல்ல

நகைக்கடனைக் கழித்துக்கொள்வார்களோ என்று பயந்து, கந்துவட்டிக்கு வாங்கியாவது அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வங்கிக்கு நீங்கள் தரவேண்டிய கடனை, அதே தகுதியில் உங்களுக்கு வரவேண்டிய வைப்பிலிருந்து நேர்செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முதலில் கடனைக் கழித்து, மிஞ்சிய தொகைக்குத்தான் ஐந்து லட்ச வரம்பைப் பொருத்துவார்கள். உங்கள் தனிப்பெயரில் 5,23,000. கடன் 1,80,000. கழித்தால் 3,43,000. அது முழுவதும் வரம்புக்குள் இருக்கிறது. கடனும் தீர்ந்து நகையும் கைக்கு வரும், காப்பீட்டுத் தொகையும் முழுதாக வரும். கடனே இல்லாமலிருந்தால் உங்களுக்கு ஐந்து லட்சம் கிடைத்து, 23,000 ரூபாய் வங்கியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே வட்டிக்கு வாங்கிக் கடனை அடைப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

இத்தகைய கட்டுப்பாட்டு ஆணைகளில், வைப்பைக் கடனோடு நேர்செய்ய அனுமதிக்கும் வரி பெரும்பாலும் இருக்கும். கிளை மேலாளரிடம் ஆணையின் நகலைக் கேட்டு அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "என் தனிப்பெயரிலுள்ள வைப்பிலிருந்து என் நகைக்கடனை நேர்செய்து, நகையை விடுவிக்கக் கோருகிறேன்" என்று கடிதம் கொடுத்து, நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இப்போது உங்கள் தாளில் இருந்த கணக்கைத் திரும்பப் போடுவோம். தனிப்பெயரில் 3,43,000. கணவர் பெயர் முதலில் உள்ள கூட்டு வைப்பில் 6,40,000 இருந்தாலும் வரம்புப்படி 5,00,000. உங்கள் பெயர் முதலில் உள்ளதில் முழுத்தொகை 2,75,000. மகளுக்கு 1,60,000. கணவருக்கு 1,20,000. ஆக 13,98,000 ரூபாய் காப்பீட்டின் வழியாக வரவேண்டியது. நகைக்கடன் 1,80,000 தீர்கிறது. வங்கியில் தங்கி நிற்பது 1,40,000 மட்டுமே. பன்னிரண்டு லட்சம் போய்விட்டது என்று நீங்கள் தூக்கமின்றிக் கிடந்த கணக்கு தவறானது.

அந்த ஆறு லட்ச வைப்பை இப்போது இரண்டாகப் பிரித்து வெவ்வேறு பெயர்களில் போட்டுவிட மேலாளரிடம் பேசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஆணை வந்த நாளன்று இருந்த நிலைதான் கணக்கில் எடுக்கப்படும். பங்குப் பத்திரத்தின் 10,000 ரூபாய் வைப்பு அல்ல, வங்கியின் மூலதனத்தில் உங்கள் பங்கு. அதற்குக் காப்பீடு கிடையாது.

கையெழுத்து எதைத் தருகிறது, எதை எடுக்காது

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே சரியல்ல.

விருப்பப் படிவம் என்பது உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அல்ல. எனக்குக் காப்பீட்டுத் தொகை வேண்டும், அதை இன்ன வங்கியிலுள்ள என் இன்ன கணக்கில் செலுத்துங்கள் என்று நீங்கள் எழுத்தில் கேட்பது அது. தொகையைக் கொடுத்ததும் அந்த அளவுக்குக் கழகத்தின் பொறுப்பு தீரும். கொடுத்த தொகையை வங்கியிடமிருந்து வசூலிக்கும் உரிமையும் கழகத்துக்கு வரும். வரம்புக்கு மேல் நிற்கும் 1,40,000 ரூபாய்க்கு வங்கி உங்களுக்குக் கடன்பட்டதாகவே இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னாளில் வங்கியின் உரிமம் ரத்தாகிக் கலைக்கப்பட்டால், அதே வைப்புக்கு இன்னொரு ஐந்து லட்சம் கிடைக்காது. மீதிக்குக் கலைப்பு அதிகாரியிடம்தான் கோர வேண்டும்.

ஆறு மாதம் என்பதும் அப்படியே. ஆணையில் ஆறு மாதம் என்று போட்டிருப்பது மறுபரிசீலனைக்கான காலம். அதன்பின் நீட்டிக்கலாம். பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் தொடங்கிய கட்டுப்பாடு, 2022 ஜனவரியில் யூனிட்டி சிறுநிதி வங்கியோடு இணைக்கப்படும்வரை நீடித்தது. அதிலும் ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதியைப் பத்து ஆண்டுகள்வரை தவணையாகத் தருவதுதான் திட்டம். நேர்மாறான உதாரணமும் உங்கள் நகரத்திலேயே உண்டு. 2025 பிப்ரவரியில் முடக்கப்பட்ட நியூ இந்தியா கூட்டுறவு வங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் சரஸ்வத் வங்கியோடு இணைந்தது. உங்கள் வங்கி எந்த வழியில் போகும் என்பதை இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்களால் செய்ய முடிந்தது, கைக்கு வரக்கூடிய 13,98,000 ரூபாயை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, மீதி 1,40,000-க்கு மட்டும் காத்திருப்பது. இணைப்பு நடந்தால் அதுவும் புதிய வங்கியின் பொறுப்பில் வரும். இன்னொன்று, கட்டுப்பாட்டு ஆணை வந்ததாலேயே உரிமம் ரத்தாகிவிட்டது என்று பொருளில்லை. அந்த வதந்தியையும் நம்ப வேண்டாம்.

2021-க்கு முன்பு நீங்கள் இதை எழுதியிருந்தால் என் பதில் இவ்வளவு தெம்பாக இருந்திருக்காது. அப்போது வங்கியின் உரிமம் ரத்தாகிக் கலைப்பு தொடங்கினால்தான் காப்பீட்டுத் தொகை வரும். கட்டுப்பாட்டிலேயே ஆண்டுக்கணக்கில் இழுத்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள், பணம் இருந்தும் மருத்துவச் செலவுக்குக் கையேந்தினார்கள். அதை மாற்றத்தான் டிஐசிஜிசி சட்டத்தில் 18ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆணை வந்த 45 நாட்களுக்குள் வங்கி தன் வாடிக்கையாளர் பட்டியலைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த 30 நாட்களில் கழகம் சரிபார்க்க வேண்டும். அதற்கடுத்த 15 நாட்களில் பணம் தர வேண்டும். மொத்தம் 90 நாள். இணைப்பு போன்ற ஏற்பாட்டுக்கு வாய்ப்பு இருப்பதாக ரிசர்வ் வங்கி கருதினால் மேலும் 90 நாட்கள்வரை தள்ளிப்போகலாம். அந்த முதல் 45 நாட்களுக்குள் உங்கள் படிவம் வங்கியிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

படிவத்தில் தடுமாறும் இடங்கள்

படிவம் இலவசம். வாசலில் நிற்பவருக்கு 3,000 ரூபாயோ 300 ரூபாயோ எதுவும் கொடுக்கத் தேவையில்லை. பாஸ்புக்கையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் மகளே பூர்த்திசெய்துவிடலாம்.

நம்மவர்கள் வெளிமாநிலத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பெயரில்தான். நீங்கள் அனுப்பிய பாஸ்புக் படத்தில், கணவர் பெயர் நடுவிலும் அவருடைய தந்தை பெயர் கடைசியிலும் குடும்பப் பெயர்போல் அச்சாகியிருக்கிறது. ஆதாரில் உங்கள் பெயரும் ஓர் எழுத்து இனிஷியலும் மட்டுமே. பட்டியலைச் சரிபார்ப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெண்களாகத் தெரியும். ஆகவே, இரண்டு பெயர்களும் என்னையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி சான்றுடன் படிவத்தோடு இணைத்துவிடுங்கள். பணம் வரவேண்டிய மாற்று வங்கிக் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுக் கணக்குகளுக்கு இருவரும் கையெழுத்திட வேண்டும். "இருவரில் ஒருவர்" என்ற ஏற்பாடு இருக்கிறதே என்று ஒருவர் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டு பெயர்களும் உள்ள கணக்கு வேறு வங்கியில் இருந்தால் அதையே மாற்றுக் கணக்காகக் காட்டுவது நல்லது, சிக்கல் குறையும். இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று தொடங்கிவிடுங்கள். அதன் பாஸ்புக் முதல் பக்கத்தையோ பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலையையோ நகலெடுத்து இணையுங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் திரும்பிப் போய்விடும் என்பதால், எழுதியதை இன்னொருவர் வாய்விட்டுப் படிக்கக் கேட்டுச் சரிபாருங்கள்.

மகள் விஷயத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவருக்கு மூன்று மாதம் முன்பே 18 வயது நிறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கிப் பதிவில் இன்னும் மைனர் கணக்காக, உங்களைக் காப்பாளராகக் காட்டி நிற்கிறது. இனி உங்கள் கையெழுத்து அதற்குச் செல்லாது. மகள் தம் ஆதார், பான் அட்டை, புகைப்படம், மாதிரிக் கையெழுத்து கொடுத்துக் கணக்கைத் தம் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டு, விருப்பப் படிவத்தில் தாமே கையெழுத்திட வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு நீங்கள் நம்பியிருக்கும் பணம் இது. முதலில் இந்த வேலையை முடியுங்கள். பணம் வரும்வரை கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள், ரிசர்வ் வங்கி ஆணையின் நகலை இணையுங்கள். அது போதாதென்றால், வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் பொதுத்துறை வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

எல்லாப் படிவங்களுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கழகத்தின் இணையதளத்தில் "தாவா சூசக்" என்ற பகுதியில் பார்த்துக்கொள்ளலாம். கழகத்தின் அலுவலகம் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில்தான் இருக்கிறது, நேரில் போய் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியமில்லை. படிவம் வங்கியின் வழியாகத்தான் போக வேண்டும். சென்ற வாரம் "காப்பீட்டுக் கழகத்திலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று வந்த அழைப்பு மோசடி. பணம் தருவதற்கு எந்த அரசு அமைப்பும் ஓடிபி கேட்காது. நீங்கள் இணைப்பைத் துண்டித்தது சரியான செயல். அந்த எண்ணை 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்துவிடுங்கள்.

மற்ற சேமிப்புகள்

கணவர் பத்பேடியில் போட்டிருக்கும் இரண்டு லட்சம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பத்பேடி ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம். வங்கி உரிமம் இல்லாத சங்கங்களின் வைப்புகள் இந்தக் காப்பீட்டில் வராது. பெயரில் கூட்டுறவு என்று இருப்பதும், சேர்மன் நம்மூர்க்காரர் என்பதும் பாதுகாப்பு ஆகாது. முதிர்வுத் தேதி வந்ததும் எடுத்து, காப்பீடு உள்ள வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் கழகத்தின் இணையதளத்தில் இருக்கிறது.

கோவில்பட்டியில் உங்கள் அண்ணன் வைத்திருக்கும் பணத்தையும் எடுத்துவிடச் சொல்லலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் அவர் பெயரிலுள்ள மூன்று லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. பதறிப்போய் அதை முதிர்வுக்கு முன்பே எடுத்து வட்டியை இழக்கத் தேவையில்லை. ஆனால் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவர் போட்டிருக்கும் வைப்புக்கு டிஐசிஜிசி காப்பீடு கிடையாது. அஞ்சலகச் சேமிப்பும் இந்தக் காப்பீட்டில் வராதுதான், ஆனால் அதற்கு மத்திய அரசே நேரடிப் பொறுப்பு. ஆகவே அண்ணனிடம் சங்கத்து ரசீதை மட்டும் எடுத்துப் பார்த்து, முதிர்வுத் தேதியை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு எழுதினால், அந்தப் பணத்தை அஞ்சலகத்துக்கு மாற்றுவதா, வங்கிக்கா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.